ஏழாம் வகுப்பு அறிவியல்: ஒரே கேள்வியில் புரிதலைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால், வகுப்பு மொத்தமும் "புரிஞ்சுது மிஸ்" என்று சொல்லும். யாருக்கு என்ன புரிந்தது என்பது அதில் தெரியவே தெரியாது. காரணத்தோடு பதில் கேட்டால்தான் தெரியும். புதிதாக அறிவியல் எடுக்க வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக, தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் வீட்டிலேயே கேள்விப்பட்டிருக்கும், நிலத்தடி நீரில் உப்பாகக் கரைந்திருக்கும் ஃபுளோரைடை வைத்தே சொல்கிறேன்.

படி 1: சோதிக்கப்போகும் கருத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே அது: நீர் ஆவியானாலும் அதில் கரைந்த உப்பு பாத்திரத்திலேயே இருக்கும்.

படி 2: கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள ஃபுளோரைடு என்ன ஆகும்?
அ) அழிந்துவிடும்
ஆ) ஆவியோடு போய்விடும்
இ) தண்ணீரிலேயே இருக்கும்
ஏன் அப்படி நினைக்கிறாய்?

தவறான விடைகளை இட்டு நிரப்பாதீர்கள். பிள்ளைகள் உண்மையில் நினைப்பதாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு துண்டுத்தாள், ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் பக்கத்துத் தாளைப் பார்க்க மாட்டார்கள்.

ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்து, பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கும்படி பேசாதீர்கள். இது மிக முக்கியம்.

படி 3: தாள்களைக் காரணத்தைப் பார்த்துப் பிரித்து வையுங்கள். 'அ' எழுதியவர் ஃபுளோரைடைக் கிருமியாக நினைக்கிறார். 'ஆ' எழுதியவருக்கு ஆவியாதல் தெரியும், கரைசல் தெரியாது. 'இ' எழுதியவர்களைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். "அடியில வெள்ளையா படிஞ்சிடும், மேல இருக்கிற தண்ணி நல்லது" என்று ஒரு காரணம் வரும். விடை சரி, புரிதல் தவறு. பாத்திரத்தில் அப்படிப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்தேதான் இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதுதான் குடிநீருக்கான வரம்பு. ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்ததற்கு அங்குள்ள நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருப்பதே காரணம் என்று அந்த இடத்தில் சொல்லலாம்.

படி 4: செய்து காட்டுங்கள். கரண்டியில் கொஞ்சம் உப்புத் தண்ணீரை விட்டு, மிதமான சூட்டில் வற்றவிடுங்கள். வெள்ளையாக உப்பு மிஞ்சும். ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும், அதற்குப் பதிலாகத்தான் உப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 5: மறுநாள் அதே கருத்தை வேறு கேள்வியாகக் கேளுங்கள். "உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது வரும் ஆவியைத் தட்டில் பிடித்துக் குளிரவைத்தால், அந்தத் தண்ணீர் கரிக்குமா?" முதல் நாள் 'ஆ' எழுதிய பிள்ளை இதற்குக் "கரிக்காது" என்று காரணத்தோடு எழுதினால் கற்றல் நடந்திருக்கிறது. மனப்பாடம் இதில் உதவாது.

அப்புறம் பதிவேடு. வளரறி மதிப்பீட்டுக் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) குறிப்பில் பெயருக்கு நேரே, மதிப்பெண் போடாமல், அந்தப் பிள்ளை எழுதிய காரணத்தைச் சுருக்கமாகக் குறித்து வையுங்கள். அடுத்து 'பிரித்தெடுத்தல்' பாடம் எடுக்கும்போது யாரிடம் எங்கிருந்து தொடங்குவது என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.