நிலைச்சட்டத்தில் தொங்கும் கப்பி: பக்கவாதப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், பயிற்சிக்கு வந்திருந்த பிசியோதெரபி பிள்ளைகள் இருவரை அழைத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன். பழைய லயத்து வீடு. பெரியவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம். நான் வாசலில் நின்று அவருடைய மனைவியிடம் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்தான் இருக்கும். உள்ளே போனால், ஒருவன் கப்பியையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு நிலைச்சட்டத்தில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று தட்டிப் பார்க்கிறான். மற்றவள் பெரியவரின் செயலிழந்த கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்து எழுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த இரண்டு தவறுகளும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீடு திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், உப்பைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள் என்பவற்றை நான் எழுதப்போவதில்லை. கிளினிக்கில் மிஸி (நர்ஸ்) மாதாமாதம் சொல்கிறார்.

கையைப் பிடித்து இழுப்பது, கப்பியில் கட்டி ஏற்றுவது

பால் மரம் வெட்டியவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். இடுப்பு மூட்டு, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்குள் பந்தை வைத்தது போல. பந்து ஆழமாக உட்கார்ந்திருக்கும், எளிதில் வெளியே வராது. தோள் மூட்டு அப்படியல்ல. அது சாய்த்துப் பிடித்த சாஸர் மேல் எலுமிச்சம்பழம். பழம் விழாமல் இருப்பதற்குக் காரணம் சாஸர் அல்ல, சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கும் தசைகள். பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் அந்தத் தசைகள்தான் துவண்டு போகின்றன.

ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். அறுபது கிலோ மனிதருக்கு மூன்று கிலோ. பிடிமானம் இல்லாத மூட்டிலிருந்து மூன்று கிலோ நாள் முழுவதும் தொங்குகிறது. தோளின் மேல் எலும்புக்குக் கீழே விரல் வைத்துப் பாருங்கள்; சிலருக்கு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் தெரியும். அந்தக் கையைப் பிடித்துத்தான் மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கமாக ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று இழுத்து எழுப்புகிறார்கள். அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்குவதும் இதே கேடுதான்.

கப்பி இன்னும் மோசம். ஏனென்றால் அது பயிற்சி என்ற பெயரில் வருகிறது.

நல்ல தோளில் கையைத் தலைக்கு மேல் தூக்கினால், மேல்கை எலும்பு மட்டும் நகர்வதில்லை. முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே மேல்நோக்கித் திரும்புகிறது. 180 பாகையில் சுமார் 120 கை எலும்பின் பங்கு, சுமார் 60 தோள்பட்டையின் பங்கு. அதோடு கை வெளிப்பக்கமாகவும் கொஞ்சம் சுழல வேண்டும். பக்கவாதத் தோளில் தோள்பட்டை எலும்பு அசையாமல் கிடக்கும். அந்த நிலையில் நல்ல கையால் கயிற்றை இழுத்துக் கெட்ட கையை ஏற்றினால், எலும்பின் தலை மேலே இடித்து, இடையில் இருக்கும் மெல்லிய தசைநாண்களை நசுக்கும். ஒரு முறை அல்ல, ஒவ்வொரு இழுப்புக்கும்.

என் தவறைச் சொல்கிறேன். அவர் முப்பது வருடம் பால் வெட்டியவர், பக்கவாதம் தாக்கியது வலப்பக்கம். நான்காவது வாரம் அவருடைய சுட்டுவிரலில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அன்றே அவர் வீட்டு நிலைச்சட்டத்தில் கப்பி மாட்டினேன். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது என்று கணக்கும் கொடுத்தேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருநாளும் தவறாத மனிதர் அவர். சொன்ன நூறையும் எண்ணிச் செய்தார். வலித்திருக்கிறது, பயிற்சி என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அவரால் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சட்டை மாட்டினாலே கத்தினார். யாரையும் கையைத் தொடவிடவில்லை. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டன. இரவில் தூக்கம் இல்லாததால் பகலில் கால் பயிற்சிக்கும் எழுந்திருக்கவில்லை. “நீங்கள் கயிறு கட்டின நாளிலிருந்துதான் தம்பி இப்படி” என்று அவருடைய மனைவி சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, மிஸியிடம் விவரம் சொல்வது போலச் சொன்னார். அதன் பிறகு மைலோ கலக்கிக் கொடுத்தார், குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த விரல் அசைவு எதுவரை போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது போகும் வழியை அடைத்தவன் நான்.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது வேறொன்று. இது அப்போதே தெரிந்த விஷயம். 1990இலேயே அமெரிக்காவில் பக்கவாத நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளரே கையைத் தாங்கி அசைத்த குழுவில் தோள்வலி வந்தவர்கள் 8 சதவீதம். மேசை மேல் உருளும் பலகையில் கையை வைத்துத் தள்ளிய குழுவில் 12 சதவீதம். கப்பிக் குழுவில் 62 சதவீதம். ஆய்வு சிறியது, மொத்தம் 28 பேர்தான். ஆனால் அந்த இடைவெளியைப் பார்த்த பிறகும் ஆணி அடிக்கக் கை வருமா? நான் படித்த இடத்தில் கூடத்தின் நடுவிலேயே கப்பி தொங்கியது. அதனால்தான் நானும் மாட்டினேன். இந்தப் பையனும் எங்கோ பார்த்துத்தான் வாங்கி வந்திருக்கிறான்.

என்ன செய்யலாம்? உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை, தொங்கவிடாதீர்கள். படுக்கையில் திருப்பும்போது கையைத் தொடாமல், தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து உடம்போடு சேர்த்து உருட்டுங்கள். எழுப்பும்போது பிடிக்க வேண்டியது இடுப்பை. அகலமான பட்டை ஒன்று கட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. கைக்கு வேலை கொடுக்க மேசை போதும். மேசை மேல் ஒரு துண்டை விரித்து, இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்தபடி துண்டைத் தள்ளச் சொல்லுங்கள். உடம்பு சாயும்போது தோள்பட்டை தானாக முன்னே வரும். வலித்தால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். தோள்பட்டை நகர்கிறதா என்று தெரியாமல் கையைத் தோள் உயரத்துக்கு மேல் யாரும் தூக்கக்கூடாது. கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் தூளி நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். நாள் முழுக்கப் போட்டால் கை மடங்கியபடியே இறுகிவிடும்.

ரப்பர் பந்து

தானாகவே மூடிக்கொண்டே போகும் கைக்கு, பந்தை அமுக்கி மூடும் பயிற்சி எதற்கு? பந்தைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, விரல்களைத் திறக்கப் பழக்குங்கள்.

நடையில் அவசரம்

“தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு நடந்து வர வேண்டும் ஐயா” என்று ஒருவர் கேட்டார். தைப்பூசத்துக்கு ஏழு வாரம் இருந்தது. நாற்காலியில் சாயாமல் உட்காரவே அவரால் முடியவில்லை. பிள்ளைகள் அன்று மாலையே இரண்டு பக்கமும் தாங்கி முற்றத்தில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பெயர் நடை அல்ல. கெட்ட கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மூளை அந்தத் தேய்ப்பைத்தான் கற்றுக்கொள்ளும்.

மருத்துவமனையிலும் இந்த அவசரம் உண்டு. 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் நம் மலேசியாவும் சேர்ந்திருந்தது. ஐந்து நாடுகள், 2,104 நோயாளிகள். 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, வழக்கத்தைவிட அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்களில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம். சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் குணம் என்று நம்பியிருந்த எங்களுக்கு அது பெரிய அடி. படுக்கையிலேயே போட்டுவையுங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் நாட்களில் கொஞ்ச நேரம், ஆனால் பலமுறை.

நடைக்கு முன் உட்கார்ந்து எழ வேண்டும். கொஞ்சம் உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலி. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். எடை நல்ல காலுக்கே ஓடிவிடும், அதைக் கெட்ட காலுக்கும் திருப்புவதுதான் பயிற்சி. கல்லுமலைக்காரர் அந்த வருடம் காரில் போய் அடிவாரத்தில் உட்கார்ந்து கும்பிட்டார். மறுவருடம் தடியோடு நடந்தார்.

எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது

நம் வீடுகளில் அன்பு என்றால் ஊட்டிவிடுவது. சட்டைப் பொத்தானை மனைவி போடுவார், தண்ணீரை மகள் வாயில் வைப்பார். கை இருப்பதையே மூளை மறந்துவிடும். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதங்களான 222 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் கெட்ட கையையே பயன்படுத்த வைத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். மணிக்கட்டிலும் விரல்களிலும் கொஞ்சமாவது அசைவு உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தும். அசைவே இல்லாத கைக்கு உறை மாட்டி வேடிக்கை பார்ப்பது கொடுமை.

ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்காது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அந்த ‘ஒன்பது மாதம்’ என்ற இடத்தை மறுபடியும் படிக்கவும். வேகம் முதல் மூன்று மாதத்தில் அதிகம், அவ்வளவுதான்.

சூடான எண்ணெய்

எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவுவதில் எனக்குச் சண்டை இல்லை. உணர்ச்சி இல்லாத தோலில் சூடு வைப்பதில்தான். சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது. தவிட்டு ஒத்தடத்தில் கொப்பளித்த முழங்கையை நான் பார்த்திருக்கிறேன். சூட்டை நல்ல கையில் வைத்துப் பார்க்காமல் எதையும் கெட்ட கையில் வைக்காதீர்கள்.

ஜப்பான் சிலிப்பர்

விரலிடுக்கில் மாட்டும் இந்தச் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் செருப்பு வாங்குங்கள்.

ஊன்றுகோல்

பலமுள்ள கையில். கால் எந்தப் பக்கம் தளர்ந்ததோ அந்தப் பக்கக் கையில் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். போன வாரம் ஒட்டுக்கடையில் பார்த்த ஒருவரின் மரத்தடி நெஞ்சுவரை வந்தது. தோளைத் தூக்கியபடி நொண்டிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறுவதற்குள் அவருடைய மகனை ரம்பம் எடுத்து வரச் சொல்லிவிட்டேன். அறுத்த பிறகு அடியில் ரப்பர் மூடியை மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். அவன் மறந்துவிட்டுத்தான் கிளம்பினான்.