நீல டிரம்மில் சீ டிராகனை நிமிர்த்துவது எப்படி

சீ டிராகன் கட்டப்படாமலே போன ராக்கெட். 1962-இல் அமெரிக்காவின் ஏரோஜெட் ராக்கெட் நிறுவனத்தின் ராபர்ட் ட்ருவாக்ஸ் வடிவமைத்தது: 150 மீட்டர் உயரம், 23 மீட்டர் விட்டம். படத்தைக் காட்டினால் மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் பிள்ளைகள் "ம்ம், பெருசுதான்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். தண்ணீரில் விட்டால்தான் கிட்டே வருகிறார்கள்.

200-இல் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள், உயரம் 75 சென்டிமீட்டர், விட்டம் 11.5 வரும். நாலு இஞ்சி பிவிசி குழாயின் வெளிப்பக்கம் ஏறக்குறைய அதே அளவு (புதுசு வாங்காதீர்கள், வீட்டு வேலை செய்த யாரிடமாவது மிச்சத் துண்டு கிடக்கும்). 60 சென்டிமீட்டருக்கு அறுத்து, அடியில் மூடி ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். நான் அவசரப்பட்டதில் ராக்கெட் நேராக டிரம்முக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மீதி 15-க்கு மணிலா அட்டையில் கூம்பு, மேலே பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள், ஆனால் இப்போதே மாட்ட வேண்டாம்.

சரி, மழைத்தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்மை நிரப்பிக் குழாயை விடுங்கள். நிற்காது, தெலுக் இந்தான் கோபுரம் மாதிரி விளிம்பில் சாய்ந்து கிடக்கும். இப்போது பால் டின்னால் மணலை ஒவ்வொன்றாகக் கொட்டுங்கள். டின் ஏற ஏறக் குழாய் தானாக நிமிரும், ஏழெட்டு டின்னில் மேலே ஒரு சாண் மட்டும் மிஞ்சும், அப்போது கூம்பை மாட்டலாம். ட்ருவாக்ஸ் யோசித்ததும் இதுதான்: ராக்கெட்டைக் கப்பல் பட்டறையில் எஃகால் செய்து, படுக்கவைத்தே கடலுக்கு இழுத்துப் போய், அடியில் மாட்டிய தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அது உச்சி மட்டும் வெளியே தெரிய எழுந்து நிற்கும். ஏவுதளமே தேவையில்லை. முதல் கட்டத்துக்கு ஒரே ஒரு இயந்திரம், நிலவுக்கு ஆள் கொண்டுபோன சாட்டர்ன் 5-க்கு ஐந்து.

அந்தச் சாட்டர்னையும் பக்கத்தில் வையுங்கள், ஒன்றரை இஞ்சி குழாய், 55 சென்டிமீட்டர் போதும். பூமியைச் சுற்றும் பாதைக்கு அது சுமார் 140 டன் தூக்கும், சீ டிராகனுக்குப் போட்ட கணக்கு 550 டன். இரண்டு குழாயையும் கையில் கொடுத்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படாது. நாசா யோசித்துக் கட்டாமல் விட்ட நோவா ராக்கெட்டை விட்டுவிடுங்கள், அந்தப் பெயரில் அத்தனை வரைபடங்கள், எதைச் செய்வது?

முடிந்ததும் டிரம்மை மூடிவையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, சுகாதார இலாகா ஆள் வந்து நின்றால் ராக்கெட் கதையெல்லாம் எடுபடாது.