எக்செல்லில் ஒரு துகள் மோதல்: முதல் சிமுலேஷனைச் செய்து பார்ப்போம்

துகள் மோதல் சிமுலேஷன் கற்க வருகிற பலர், எடுத்த எடுப்பிலேயே பித்தியா என்ற துகள் மோதல் மென்பொருளை நிறுவிவிட்டுக் கையேட்டில் திணறுகிறார்கள். ஆராய்ச்சிக்கு அது வேண்டும்தான். ஆனால் அதன் அடிப்படை வேலையைப் புரிந்துகொள்ள எக்செல் தாளே போதும்.

படி 1: மோதலைத் தேர்ந்தெடுங்கள்

புரோட்டான் வேண்டாம். அதற்குள் இருக்கும் குவார்க்குகளில் எது எதோடு மோதியது என்பதே பெரிய கணக்கு. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் தலா 5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நேருக்கு நேர் மோதி, ஒரு மியூவான் ஜோடி (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்; ஒன்று எதிர்மின், மற்றது நேர்மின்) பிறப்பதை எடுத்துக்கொள்வோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1979ல் ஓடத் தொடங்கிய செசர் முடுக்கி ஏறக்குறைய இந்த ஆற்றலில்தான் இயங்கியது.

படி 2: கோணத்தைப் பிறப்பியுங்கள்

சிமுலேஷனின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மியூவான் எந்தத் திசையில் போகும் என்று ஒரு தனி மோதலில் யாராலும் சொல்ல முடியாது. எந்தத் திசைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் குவாண்டம் கோட்பாடு சொல்கிறது. எலக்ட்ரான் வந்த திசைக்கும் மியூவான் போகும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கொசைனை 'க' என்போம். வாய்ப்பு 1 + க² என்ற அளவில் மாறும்.

முதல் நெடுவரிசையில் −1 முதல் 1 வரை ஒரு சமவாய்ப்பு எண், அதுதான் க. இரண்டாவதில் 0 முதல் 2 வரை இன்னொன்று, அது உயரம். உயரம் 1 + க²ஐ விடக் குறைவு என்றால் அந்த மோதலை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். ஜான் வான் நாய்மன் தந்த முறை இது. இன்றைய பெரிய மென்பொருள்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

1000 வரிசைகளுக்கு இழுத்துவிட்டு, மதிப்புகளாக ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

படி 3: சரிபாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1000ல் சுமார் 667 தேற வேண்டும். தேறியவற்றில் க −0.5க்கும் 0.5க்கும் இடையில் இருப்பவை ஏறக்குறைய 270. பத்துப் பதினைந்து கூடலாம், குறையலாம். 330 வந்தால் எங்கோ சூத்திரம் தவறு. விடையைக் கையால் கணக்கிட முடிகிற இடத்தில் சோதித்த பிறகுதான், முடியாத இடத்தில் சிமுலேஷனை நம்பலாம்.

படி 4: துகள்களை அளக்கும் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

க −0.9க்கும் 0.9க்கும் வெளியே போனால் மியூவான் கற்றைக் குழாயோடு தப்பிவிட்டதாக வைத்து நீக்குங்கள். சுமார் 86 சதவீதம் மிஞ்சும். அப்புறம் கருவியின் அளவீட்டுப் பிழைக்காக, இரண்டு மியூவான்களின் உந்தத்தையும் (தலா 5) தனித்தனியே 1 சதவீத இயல்நிலைப் பரவலால் (normal distribution) சற்றே கூட்டிக் குறையுங்கள். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்தால் ஜோடியின் நிறை கிடைக்கும். 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றி 0.07 அகலத்தில் ஒரு மேடு எழும்.

படி 5: ஆற்றலைக் கூட்டுங்கள்

ஹாம்பர்கின் பெட்ரா முடுக்கியில் மொத்த ஆற்றல் 34 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் இருந்தபோது, மென்விசையைக் கடத்தும் இசட் துகளின் குறுக்கீட்டால் எதிர்மின் மியூவான்கள் பின்பக்கம் (க எதிர்மதிப்பாக உள்ள பக்கம்) கொஞ்சம் கூடுதலாகப் போயின. அதைப் பார்க்க 1 + க² − 0.27க என்று மாற்றுங்கள். அதன் உச்சம் 2.27, எனவே உயர எண்ணையும் 2.27 வரை விடுங்கள். 2லேயே நிறுத்தினால், தேடி வந்த பின்பக்க மியூவான்களே வெட்டுப்பட்டுப்போகும்.