ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாக வேண்டாம்

வேலூர் காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களில் ஒரு அறை காலியானால், அடுத்த ஆள் வருவதற்குள் பாத்ரூமைக் கழுவி முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் கறை போக ஆசிட், நாற்றம் போக பிளீச்சிங் பவுடர் என்று இரண்டையும் ஒரே தரையில் கொட்டிவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது போக வழியேது? கண் எரியும், தொண்டை கமறும், நெஞ்சு இறுக்கும். முகத்தில் கட்டிய துண்டு வாயுவைத் தடுக்காது. நானே ஒருமுறை இருமிக்கொண்டே ஓடிவந்து மாடிப்படியில் உட்கார்ந்தவன்தான்.

கக்கூஸுக்கு ஊற்றும் நீல லிக்விடிலும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது. பலர் அதை ஆசிட் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் போதும். இன்றைக்கு ஆசிட் என்றால், நிறைய தண்ணீர் விட்டு அலசிவிட்டு, பிளீச்சிங்கை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.

அப்புறம், ஆசிட்டைக் கலக்கும்போது பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். மாற்றிச் செய்தால் சூடேறி முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் குழாயடியில் 15 நிமிடமாவது விடாமல் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். மிச்சமான ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வேலூர் வெயிலில் தாகத்தோடு வருகிறவர் மோந்து பார்த்தா குடிப்பார்?