டப்ளின் கேஸும் டாக்டர் கடிதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டவர்களிடம் ‘டப்ளின்’ என்று சொன்னால் அயர்லாந்தின் தலைநகர் அவர்கள் நினைவுக்கு வராது, கைரேகைதான் வரும். எந்த நாட்டில் முதலில் ரேகை எடுத்தார்களோ, எந்த நாடு விசா கொடுத்ததோ, பெரும்பாலும் அந்த நாடே வழக்கை விசாரிக்க வேண்டும் என்று ஆளை அங்கே அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. கடும் நோயில் இருப்பவரையும் அப்படி அனுப்பலாமா? கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப முடியாது. சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சில தவறுகளால் அது கைநழுவிப் போகிறது.

அந்த நாட்டைத் திட்டுவது

பலரும் செய்யும் முதல் தவறு இது. “அங்கே ஆஸ்பத்திரி சரியில்லை, முகாம் மோசம்” என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஐரோப்பிய நாடுகள் எல்லாமே நோயாளிக்குத் தேவையான சிகிச்சை தரும் என்றுதான் நீதிமன்றம் ஆரம்பிக்கும். அந்த நம்பிக்கையை உடைக்க மலையளவு ஆதாரம் வேண்டும். 2011-இல் கிரீஸ் விஷயத்தில் உடைந்தது. ஆனால் 2015-இல், மன அழுத்தக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு சிரியரை சுவிட்சர்லாந்து இத்தாலிக்கு அனுப்புவது மனித உரிமை மீறல் ஆகாது என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, வேறு வழி? 2017 பிப்ரவரி 16 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு வழக்கில் அதைக் காட்டியது. ஒரு சிரியப் பெண், அவருடைய எகிப்தியக் கணவர். 2015 ஆகஸ்டில் குரோவேஷியா விசாவில் வந்து, அங்கே ஒரே ஒரு நாள் தங்கிவிட்டு ஸ்லோவேனியாவுக்குள் போனார்கள். அப்போது அந்தப் பெண் கர்ப்பிணி. ஸ்லோவேனியாவில் குழந்தை பிறந்தது. அதன் பிறகு அவருக்குக் கடும் மனச்சோர்வு, அவ்வப்போது தற்கொலை எண்ணம். குரோவேஷியாவோ அவர்களை ஏற்கவும், தங்க இடமும் மருத்துவமும் தரவும் ஒப்புக்கொண்டிருந்தது.

நீதிமன்றம் குரோவேஷியாவைக் குறை சொல்லவே இல்லை. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், அனுப்பும் செயலே ஒருவருடைய உடல்நிலையைக் கணிசமாகவும் மீளமுடியாதபடியும் கெடுக்கும் உண்மையான ஆபத்து நிரூபணமானால், அது மனிதத்தன்மையற்ற நடத்துமுறை என்றது. விமானத்தில் போகும் சில மணி நேரத்தை மட்டும் பார்க்கக்கூடாது, இடமாற்றத்தால் நேரும் கடுமையான, நிலையான விளைவுகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே கேள்வி ‘அந்த நாடு எப்படி’ என்பதல்ல. ‘இந்த மனுஷியை இங்கிருந்து பெயர்த்து எடுத்தால் என்ன ஆகும்’ என்பதுதான்.

மூன்று வரிக் கடிதம்

“இவர் என்னிடம் சிகிச்சை பெறுகிறார். மன அழுத்த நோய் உள்ளது. பயணம் செய்ய இயலாது.” கீழே கையெழுத்து, முத்திரை. நல்லெண்ணத்தில் கொடுத்த கடிதம்தான், ஆனால் வழக்கில் இதற்கு மதிப்பு ரொம்பக் குறைவு. ஜெர்மன் சட்டம் நோயால் அனுப்புவதற்குத் தடையில்லை என்றே முதலில் அனுமானிக்கிறது. அதை முறியடிக்க, டாக்டர் எதைப் பார்த்தார், எந்த முறையில் சோதித்தார், நோயின் பெயர், ஐசிடி குறியீடு (நோய்களுக்கான சர்வதேச வகைப்பாட்டு எண்), எவ்வளவு கடுமை, அனுப்பினால் என்ன விளைவு என்று அத்தனையும் கடிதத்தில் இருக்க வேண்டும். உளவியலாளர் கடிதம் மட்டும் அங்கே போதாது; மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

இதில் கடைசிப் பகுதிதான் உயிர்நாடி, பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே. அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “கூடவே டாக்டரை அனுப்புகிறோம், மருந்து கொடுத்துவிடுகிறோம், அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கும்.” பல நோய்களுக்கு இது போதும் என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொள்ளும். ஏன் போதாது என்பதை டாக்டர்தான் எழுத முடியும். நம்பிப் பேசுகிற ஒரே மனநல மருத்துவரைப் பிரிந்தால் என்ன ஆகும்? முன்பு ஒருமுறை காவலில் வைத்தபோது என்ன நடந்தது? எந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்? இப்படித் தனி ஆளைப் பற்றிய ஆதாரம் வந்துவிட்டால், அதிகாரிகள் அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. சந்தேகத்தைத் தீர்ப்பது அப்போது அவர்கள் பொறுப்பு. வெறும் “பயணம் செய்ய இயலாது” அந்த வேலையைச் செய்யாது.

கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பது

விமானம் ஏறும் நாளில் காட்டலாம் என்று பையில் வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் நேர்காணலிலேயே நோயைச் சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் முன் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். டப்ளின் முடிவை எதிர்க்க ஜெர்மனி கொடுத்துவந்தது ஒரே வாரம், சுவிட்சர்லாந்து ஐந்து வேலை நாட்கள். ஜெர்மனியில் அந்த முடிவு மஞ்சள் உறையில் வந்தால், தபால்காரர் அதன்மேல் எழுதும் தேதியிலிருந்து கணக்கு. உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், வழக்குப் போட்டாலே அனுப்புவது நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். ஜெர்மனியில் அனுப்புவதை நிறுத்திவைக்கக் கேட்கும் அவசர மனு தனி.

ஒளிவதும் மருந்தை நிறுத்துவதும்

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் அறிவுரை இது: “ஆறு மாசம் தெரிந்தவர் வீட்டில் இரு, எல்லாம் சரியாகிவிடும்.” ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பொறுப்பு இந்த நாட்டுக்கே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தலைமறைவானதாக எழுதிவிட்டால், பழைய டப்ளின் ஒழுங்குமுறைப்படி அந்த ஆறு மாதம் பதினெட்டு மாதம் வரை நீளும். சொல்லாமல் முகாமைவிட்டுப் போனாலே தலைமறைவு என்று கருதலாம் என 2019-இல் தீர்ப்பே வந்திருக்கிறது. 2024-இல் இயற்றி 2026 நடுப்பகுதியிலிருந்து பொருந்தும் புதிய ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையில் இது மூன்று ஆண்டு வரை. ஒளிவது மட்டுமல்ல, வேண்டுமென்றே உடலைப் பயணத்துக்குத் தகுதியற்றதாக்கிக்கொண்டாலும், பயணத்துக்கான மருத்துவ நிபந்தனைகளுக்கு ஒத்துழைக்காவிட்டாலும் அதே மூன்று ஆண்டுதான். மருந்தை நிறுத்தி நோயை முற்றவிட்டால் கேஸ் பலமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடம்பும் போகும், கேஸும் போகும். உங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது, எந்தச் சட்டம் பொருந்துகிறது என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.

ஆறு மாதக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. பொதுவாக, மற்ற நாடு ‘ஏற்கிறேன்’ என்று சொன்ன நாளிலிருந்து அது ஓடும். நீதிமன்றம் இடமாற்றத்தை நிறுத்திவைத்தால், இறுதி முடிவு வந்த நாளிலிருந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்த தேதி அன்றோடு செல்லாது.