‘சொன்னான்’ என்பதற்கு ‘செட்’டா, ‘டோல்ட்’டா?

‘ஹீ டோல்ட் தட் ஹீ இஸ் பிஸி.’ ‘ஷீ செட் மீ.’ ‘ஐ டோல்ட் டு மை மேனேஜர்.’ மூன்றுமே தவறு. நம்மவர்கள் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படுபவையும் இவைதான். ‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் தமிழில் ‘சொல்’ என்றே வருவதால், பொருளை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் பிடிபடாது. வினைச்சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். டென்ஸ் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கேட்பவர் வாக்கியத்தில் இருக்கிறாரா?

இருந்தால் ‘டெல்’, இல்லாவிட்டால் ‘சே’. ‘ஹீ டோல்ட் மீ தட் ஹீ வாஸ் பிஸி’ சரி. ‘ஹீ செட் தட் ஹீ வாஸ் பிஸி’யும் சரி. ‘தட்’டை இரண்டிலும் விட்டுவிடலாம். ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தருவதென்றால் பெரும்பாலும் ‘செட்’தான். (உச்சரிப்பில் கவனம்: ‘செய்ட்’, ‘சேஸ்’ அல்ல; ‘செட்’, ‘செஸ்’.)

படி 2: ‘டு’ வேண்டுமா?

பலரும் சறுக்கும் இடம் இது. தமிழில் ‘மேனேஜரிடம் சொன்னேன்’ என்கிறோம். அந்த ‘இடம்’ உருபுக்கு ஈடாக ஆங்கிலத்திலும் ஏதாவது வேண்டுமே என்று தோன்றி, ‘டோல்ட் டு மை மேனேஜர்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டெல்’லுக்குப் பின் ஆள் நேரடியாக வருவார்: ‘ஐ டோல்ட் மை மேனேஜர்’. ‘சே’யில் ஆளைச் சேர்த்தே ஆகவேண்டுமென்றால் ‘டு’ கட்டாயம்: ‘ஐ செட் இட் டு மை மேனேஜர்’.

இந்தப் பிரிவினை இரண்டு சொற்களோடு முடிவதில்லை. ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’, ‘கன்வின்ஸ்’ மூன்றும் ‘டெல்’ பக்கம்; ஆளுக்கு முன் ‘டு’ கிடையாது. ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘மென்ஷன்’, ‘சஜெஸ்ட்’ மூன்றும் ‘சே’ பக்கம். எனவே ‘எக்ஸ்ப்ளெயின் மீ திஸ்’ தவறு. ‘எக்ஸ்ப்ளெயின் திஸ் டு மீ’ என்று எழுதுங்கள். விளக்க வேண்டிய விஷயம் நீளமென்றால் ஆளை முன்னால் கொண்டுவரலாம், ‘டு’வை மட்டும் விடக்கூடாது: ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ ஹவ் இட் வொர்க்ஸ்’. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, புதிதாகச் சந்திக்கும் வினையை உரிய பக்கத்தில் எழுதிவருவது, விதியை மனப்பாடம் செய்வதைவிட நன்றாக வேலை செய்யும்.

படி 3: கட்டளையா?

‘டெல் ஹிம் டு வெயிட்.’ ‘ஷீ டோல்ட் மீ நாட் டு கோ.’ இங்கே வரும் ‘டு’ அடுத்த வினைக்கு உரியது, ஆளுக்கு அல்ல. ‘செட் மீ டு வெயிட்’ என்று ஒருபோதும் வராது.

படி 4: விதிக்குள் அடங்காதவை

‘டெல் த ட்ரூத்’, ‘டெல் அ லை’, ‘டெல் அ ஸ்டோரி’, ‘டெல் த டைம்’, ‘டெல் த டிஃபரென்ஸ்’ ஆகியவற்றில் ஆள் இல்லாமலும் ‘டெல்’ வரும். ‘சே ஹலோ’, ‘சே சாரி’, ‘சே நோ’ எப்போதும் ‘சே’தான். முழுத் தொடராகவே நினைவில் வையுங்கள்.

சரிபார்க்க எந்த அகராதி? ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. இரண்டுக்கும் ‘சொல், கூறு’ என்று போட்டு முடித்துவிடும். கற்போருக்கென்றே வரும் ஆங்கில அகராதிதான் வேண்டும். லாங்மேன் என் முதல் தேர்வு: சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் பொருள் விளக்குகிறது, ‘டெல் சம்படி தட்’, ‘சே சம்திங் டு சம்படி’ என்று வாக்கிய அமைப்பையும் காட்டிவிடுகிறது. இணையத்தில் இலவசம். பொருளைத் தாண்டி அந்த அமைப்பு வரியைப் படியுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு.

செயப்பாட்டு வினையில் ‘ஐ வாஸ் டோல்ட்’ சரி, ‘ஐ வாஸ் செட்’ தவறு. ஆளே வேண்டாமென்றால் ‘இட் இஸ் செட் தட்…’.

‘ஹீ செட் அபௌட் ஹிஸ் ஜாப்’ என்பதும் வராது. ‘டோல்ட் அஸ் அபௌட்’ அல்லது ‘டாக்ட் அபௌட்’ என்று மாற்றுங்கள். ‘டிஸ்கஸ்’ஸுக்கும் ‘அபௌட்’ ஒட்டாது. பெயர்ச்சொல்லான ‘டிஸ்கஷன்’ ‘அபௌட்’டை ஏற்கும், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.