அமெரிக்கப் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளை: புதிதாக வந்த பெற்றோருக்கு

குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்து, மாதங்கள் பல ஓடியும் வாசிப்பு வரவில்லை என்றால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புது நாடு, புது உச்சரிப்பு. போகப் போகச் சரியாகிவிடும்." டீச்சரும் அதையே சொல்வார், ஊரிலிருந்து போனில் பாட்டியும் அதையே சொல்வார். பல பிள்ளைகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்கு, அப்படிக் காத்திருப்பதிலேயே இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் போய்விடும். அதற்குள் "நான் மக்கு" என்று பிள்ளையே முடிவு கட்டிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து.

பிரச்சினை ஆங்கிலம் பழகாததா, வேறு ஏதாவதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. தமிழில் கவனியுங்கள். கதை சொன்னால் அழகாகப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கும் பிள்ளை, எழுத்தைப் பார்த்ததும் தடுமாறுகிறதா? 'படகு' என்ற சொல்லில் 'ப'வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று வாய்மொழியாகக் கேட்டால் விழிக்கிறதா? ஆங்கிலத்தில் 'ஹார்ஸ்' என்று இருப்பதை, முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து 'ஹவுஸ்' என்று ஊகித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறதா? இவையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் அதிகம். அதனால் தமிழைச் சமாளித்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் திணறும் டிஸ்லெக்ஸியா (புத்திசாலிப் பிள்ளைக்கும் எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) பிள்ளைகளும் உண்டு. ஊர்ப் பள்ளியில் நன்றாகத்தானே படித்தான் என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். கண், காது பரிசோதனையை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள்.

1975-இல் வந்து, 1990 முதல் 'ஐடியா' என்ற சுருக்கப் பெயரில் வழங்கும் மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. கற்றல் சிரமம் இருப்பதாகச் சந்தேகப்படும் பிள்ளையைப் பள்ளி இலவசமாக மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் சிறப்புக் கல்வி தர வேண்டும் என்கிறது அது. ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கும் இதே உரிமைதான். விசா நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைக் கேட்டால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

டீச்சரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராமல் போகலாம். பள்ளி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். தேதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்த மூன்று நான்கு விஷயங்கள், அப்புறம் ஒரே வரி: 'என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு வேண்டும்.' மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டியது பள்ளியின் கடமை. ஒப்புக்கொண்டால் உங்கள் சம்மதக் கையெழுத்தைக் கேட்பார்கள். கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தக் கையெழுத்திலிருந்துதான். மதிப்பீட்டை முடிக்க மத்திய விதிப்படி 60 நாள். மாநிலங்கள் தங்களுக்கென்று கெடு வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் பொதுவாக 45 பள்ளி நாள்கள். டாக்டர் சான்றிதழ் முதலில் வேண்டும் என்று நினைத்து மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை, மதிப்பீட்டைப் பள்ளியே செய்யும்.

"முதலில் சிறு குழு வகுப்பில் போட்டுப் பார்க்கிறோம்" என்று சொல்வார்கள். நல்லதுதான், சரி என்று சொல்லுங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011-இல் மாநிலங்களுக்குத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. பிள்ளைக்குத் தமிழ்தான் நன்றாக வரும் என்றால், முடிந்தவரை தமிழிலும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாததைக் குறைபாடாகப் பதிவு செய்துவிடாமல் இருக்கவும் இது உதவும்.

பிள்ளைக்குத் தகுதி உண்டு என்று தெரிந்தால் 30 நாளுக்குள் 'ஐஇபி' (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் நடக்க வேண்டும். மேஜையைச் சுற்றி உளவியலாளர், வகுப்பு டீச்சர், சிறப்புக் கல்வி டீச்சர், நிர்வாகி என்று உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் வேகமாகப் பேசுவார்கள், சுருக்கெழுத்துகள் பறக்கும். நம்மவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த மேஜையில் நீங்களும் சம உறுப்பினர். வரைவை முன்கூட்டியே அனுப்பச் சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், செலவு பள்ளியுடையது. வருகைப் பதிவுக்குப் போடும் கையெழுத்து வேறு, திட்டத்துக்குச் சம்மதம் தரும் கையெழுத்து வேறு. இரண்டாவதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுப் போடுங்கள். முதல் முறை உங்கள் சம்மதம் இல்லாமல் சிறப்புக் கல்வியைத் தொடங்கவே முடியாது.

திட்டத்தில் முதலில் படிக்க வேண்டியது இலக்குகளை. 'வாசிப்பு மேம்படும்' என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல் சரியாக வாசிக்கிறான், வருட முடிவில் எத்தனை வாசிக்க வேண்டும், அதை யார் எப்போது அளப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை நிமிடம், எத்தனை பிள்ளைகள் உள்ள குழுவில், எந்த முறையில் சொல்லித்தருவார்கள் என்றும் கேளுங்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாகச் சேர்த்துக் கற்பிக்கும் முறை தேவை. தேர்வில் கூடுதல் நேரம் மட்டும் கொடுத்தால் வாசிப்பு வந்துவிடாது. '504 பிளான்' என்று மட்டும் தர முன்வந்தால் இதை நினைவில் வையுங்கள்: அது பெரும்பாலும் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கானது, தனிப் பயிற்சி ஐஇபியில்தான் உறுதியாகக் கிடைக்கும்.

பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று பட்டால், பள்ளிச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீடு கேட்கலாம். வழிகாட்ட ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை.

வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்ஸியா வருவதில்லை, ஒன்றை நிறுத்துவதால் போவதும் இல்லை. தமிழும் போய்விட்டால், பள்ளியில் அடிபட்டு வந்த பிள்ளை மனம்விட்டுப் பேச வழியில்லாமல் போய்விடும். தினமும் பக்கம் பக்கமாக ஒர்க்‌ஷீட் கொடுத்து அழவைப்பதைவிட, நீங்கள் புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள். 'புக்‌ஷேர்' என்ற மின்நூலகத்தில் வாசிப்புச் சிரமம் உள்ள அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு இலவச அனுமதி உண்டு. பள்ளி மூலமாகப் பதிவு செய்யலாம். வகுப்புத் தோழர்கள் படிக்கும் அதே கதையைக் காதால் கேட்டுவிட்டு மறுநாள் அதைப் பற்றிப் பேச முடிவது பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

ஐஇபியை ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும், குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும் உண்டு. வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போனால், புதுப் பள்ளி தன் முடிவை எடுக்கும்வரை பழைய திட்டத்துக்கு நிகரான உதவியைத் தர வேண்டும். பள்ளிகளுக்கிடையே கோப்பு போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகலாம். ஐஇபியின் கடைசிப் பிரதியையும் மதிப்பீட்டு அறிக்கையையும் லாரியில் ஏற்றாமல் கையோடு எடுத்துப்போய், சேர்க்கை நாளன்றே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.